முல்லர்-லையர் பலகையும் மூன்றாவது செமஸ்டரும்: சைக்காலஜி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சைக்காலஜி பிராக்டிகலில் முல்லர்-லையர் பலகை என்று ஒன்று தருவார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை, மற்றதன் முனைகள் இறகுபோல விரிந்திருக்கும். இரண்டும் சமமாகத் தெரியும்வரை பலகையை நகர்த்திவிட்டு, பின்பக்க அளவுகோலில் எத்தனை மில்லிமீட்டர் பிசகினோம் என்று குறிக்க வேண்டும். 1889-இல் வெளியான இந்தக் கண்மயக்கத்தின் விசித்திரம், காரணம் தெரிந்த பிறகும் கண் ஏமாறுவதுதான். ரெக்கார்ட் நோட்டில் விளக்கத்தை அழகாக எழுதிவிட்டு மறுபடி பார்த்தாலும் இறகுக் கோடுதான் நீளம்.

சைக்காலஜி மாணவர்கள் செய்யும் பெரிய தவறு இந்தப் பலகைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

சேரும்போது நடப்பவற்றை முதலில் சொல்லிவிடலாம். கோவை அரசு கலைக் கல்லூரி, பாரதியார் பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம் என்று நம் பக்கத்திலேயே சைக்காலஜித் துறைகள் உண்டு. ஆனால் பி.எஸ்ஸி. முடித்தவுடன் போர்டு மாட்டலாம் என்று நினைத்துச் சேருகிறவர்கள் அதிகம். மருத்துவ உளவியலாளர் என்று போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பும் அங்கே பதிவும் வேண்டும். மாத்திரை எழுதித் தருவது எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்தவர் வேலை. தபால் வழியில் படித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 2025 சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை யு.ஜி.சி. நிறுத்தச் சொல்லிவிட்டது என்பதை ஞாபகம் வையுங்கள்.

அடுத்தது கணக்கு. பிளஸ் டூவில் கணக்குக்குப் பயந்து இங்கே வந்தவர்களை ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் காத்துக்கொண்டிருந்து பிடிக்கும். மனப்பாடம் பண்ணாதீர்கள். எனக்குத் திட்ட விலக்கம் புரிந்தது அப்பாவின் மஞ்சள் பேச்சில்தான். ஒரு மண்டியில் மூன்று வாரமாகக் குவிண்டால் 11,900, 12,000, 12,100 என்று போகிறது. இன்னொன்றில் 9,000, 12,000, 15,000. சராசரி இரண்டிலும் 12,000தான். ஆனால் மூட்டையை எங்கே இறக்குவது என்று யோசிக்கிற ஆள் சராசரியை மட்டுமா பார்ப்பார்? விலை எவ்வளவு ஆடுகிறது என்றும் பார்ப்பார். அந்த ஆட்டத்துக்கு ஒரு எண் கொடுத்தால் அதுதான் திட்ட விலக்கம்.

ரூம்மேட்டுக்கு நோய்ப்பெயர் சூட்டுவது எல்லோரும் செய்யும் சேட்டை. அடுக்கி வைத்தால் ஓ.சி.டி., கோபப்பட்டால் பைபோலார். அறிகுறி இருந்தால் மட்டும் போதாது, எத்தனை நாளாக இருக்கிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். (என் அம்மாயி வேறு, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் கல்யாண வீட்டில் எதிரே வருகிறவர்களை எல்லாம் என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தார்.)

சரி, பலகைக்கு வருவோம். மூன்றாவது செமஸ்டரில் மனச்சோர்வு பற்றி இன்டர்னலில் கேட்டிருந்தார்கள். தூக்கம் கெடும், பசி போகும், பிடித்த விஷயத்தில்கூட ஈடுபாடு இருக்காது, இரண்டு வாரமாவது நீடிக்கும் என்று வரிசையாக எழுதிப் பத்துக்கு ஒன்பது வாங்கினேன். அந்த மாதம் முழுக்க நான் மெஸ்ஸுக்குப் போனது தினம் ஒரு வேளைக்குத்தான். விடியற்காலம் நாலு மணிக்குத் தான் கண் அசரும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற துறை மாணவர்களுக்காவது "தெரியவில்லை, யாரையாவது கேட்போம்" என்று தோன்றும். நமக்குத் தெரியும் என்பதே தடையாகிவிடுகிறது.

உதவி தேடும்போதும் பிசகுகிறோம். துறைப் பேராசிரியரே கவுன்சலிங் தெரிந்தவர்தானே என்று அவரிடமே மொத்தத்தையும் கொட்டுவோம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் இன்டர்னல் மார்க் அவர் கையில், வைவாவில் எதிரே உட்காரப்போகிறவரும் அவரே. ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்று அவர்தான் நமக்குப் பாடம் நடத்தியிருப்பார். அவரிடம் அசைன்மென்ட்டுக்கு அவகாசம் கேளுங்கள், வெளியே யாரைப் பார்க்கலாம் என்று கேளுங்கள். மனதைத் திறப்பதை வேறொருவரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேறொருவரிடமும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்றது யாருக்கெல்லாம் போகுங்க?" 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமை என்கிறது, உயிருக்கு ஆபத்து போன்ற சில சமயங்களில் மட்டும் நிலைமை வேறு. நான் படித்த இடத்தில் கவுன்சலிங் அறை ஃபீஸ் கவுன்டருக்கு நேர் எதிரே இருந்தது. உள்ளே போகிறவரை வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்கும். வகுப்பு நடக்கும் நேரத்தில் வரட்டுமா என்று கேட்டால் கொடுப்பார்கள் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கல்லூரிக்குள் வேண்டவே வேண்டாம் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், இரவிலும் தமிழில் பேசலாம்.

அப்புறம், பணக் கஷ்டத்தை மனக் கஷ்டமாகவே சுமப்பது. ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வழியில்லாத கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. தமிழ்ப் புதல்வனைத் தொடங்கியதே 2024-இல் நம் கோவையில்தான். அதற்குப் போக வேண்டியது கல்லூரி ஆபீஸுக்கு. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே சரிகிறது என்றால் டியூட்டரிடம், அதுவும் செமஸ்டர் கடைசி வாரத்துக்கு முன்னால்.

கடைசியில் நான் கவுன்சலிங்குக்குப் போனபோதும் ஒரு தவறு செய்தேன். உட்கார்ந்ததும் பாடப் புத்தக மொழியில் என்னைப் பற்றி நானே ஒரு செமினார் எடுத்தேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் கண்ணு, நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குன?" என்றார்.

நாலு மணி என்றேன். பேச்சு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.