கம்பியில்லாமல் விஆர்: கணினி விளையாட்டை ஹெட்செட்டில் ஓடவைக்கும் முறை, முதல்முறை முயல்வோருக்கு

குமரி மாவட்டம் கருங்கல் ஊரில் இருக்கும் என் அத்தை மகன், மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 விஆர் ஹெட்செட் (தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சிகளைப் பார்க்கும் கருவி) வாங்கியதும் முதலில் செய்த காரியம், வீட்டு இணையத் திட்டத்தை நொடிக்கு 100 மெகாபிட்டிலிருந்து 300 மெகாபிட்டுக்கு உயர்த்தியதுதான். படம் விட்டுவிட்டு வருவது அதனால் சற்றும் குறையவில்லை. கணினியில் ஓடும் விளையாட்டின் படம் இணையத்துக்குள் போவதே இல்லை; மேசையிலிருக்கும் கணினியிலிருந்து ரௌட்டருக்கும், அங்கிருந்து தலையில் மாட்டிய ஹெட்செட்டுக்குமாக அது வீட்டுக்குள்ளேயே பயணம் செய்கிறது. ஆகவே பணத்தையும் கவனத்தையும் செலுத்த வேண்டிய இடம் வீட்டுக்குள் இருக்கும் ரௌட்டரும் அதில் செருகும் கேபிளும்தான்.

நாம் தலையைத் திருப்பும்போது அந்த அசைவை ஹெட்செட் கணினிக்குச் சொல்கிறது; கணினி புதிய காட்சியை வரைந்து, வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது; ஹெட்செட் அதை விரித்துக் கண்முன் காட்டுகிறது. 90 ஹெர்ட்ஸில் ஒரு நொடிக்கு 90 காட்சிகள் வரவேண்டும் என்பதால், ஏறத்தாழ 11 மில்லிநொடிக்கு ஒரு காட்சி தவறாமல் வந்து சேர வேண்டும். தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது சில நொடிக் காட்சிகளை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளலாம். இங்கே அதற்கு வழியில்லை, ஏனெனில் அடுத்த கணம் நம் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் படி: கணினி

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள, தனி கிராபிக்ஸ் கார்டு கொண்ட கணினி வேண்டும். வீடியோவைச் சுருக்கும் வேலையையும் அந்தக் கார்டுதான் செய்கிறது. லேப்டாப்பாக இருந்தால், விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்புகளுக்குச் சென்று விஆர் விளையாட்டுகளை ஓட்டும் ஸ்டீம்விஆர் செயலி தனி கார்டிலேயே ஓடும்படி மாற்றிக்கொள்ளுங்கள். கணினியில் விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் தளமான ஸ்டீம், அதோடு ஸ்டீம்விஆர் இரண்டையும் நிறுவுங்கள், இரண்டும் இலவசம்.

இரண்டாம் படி: கணினிக்குக் கேபிள் போடுவது

கம்பியில்லா விஆர் என்றாலும், கம்பி இல்லாமல் இருக்க வேண்டியது ரௌட்டருக்கும் ஹெட்செட்டுக்கும் இடையிலுள்ள சில மீட்டர் மட்டுமே. கணினியும் வைஃபையில் இருந்தால், ஒரே காட்சி கணினியிலிருந்து ரௌட்டருக்கு ஒரு முறை, ரௌட்டரிலிருந்து ஹெட்செட்டுக்கு இன்னொரு முறை என ஒரே அலைவரிசையில் இரு தடவை செல்ல வேண்டியிருக்கும். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்துக் கிடக்கும். எனவே கணினியிலிருந்து ரௌட்டருக்கு கேட் 5ஈ அல்லது கேட் 6 வகை லேன் கேபிள் போடுங்கள். லேப்டாப்பில் லேன் துளை இல்லையென்றால், யுஎஸ்பி 3.0 கிகாபிட் அடாப்டர் ஒன்று போதும்.

கேபிளைச் செருகியதும், விண்டோஸ் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பாருங்கள். அங்கே 1000 என்று இருக்க வேண்டும். தக்கலை அருகேயுள்ள என் வீட்டில் அது 100 என்றே காட்டியது. நான் இரண்டு நாள் ரௌட்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபிளின் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, நீல நிறக் கம்பி தன் பித்தளைப் பல்லைத் தொடாமல் பின்தங்கி நின்றது. ஜன்னலோரம் ஒரு மழைக்காலம் கிடந்ததில் அருகிலிருந்த இரண்டு பற்களில் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு அவற்றில் நான்கு போதும், 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதனால்தான் மற்ற நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இணைப்பு அறுந்துவிடாமல் சத்தமில்லாமல் வேகம் மட்டும் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரு பருவமழையும் பெய்கிற, கடற்காற்றும் வீசுகிற நம் மாவட்டத்தில் கேபிள் நுனியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் படி: ரௌட்டர்

இணைய நிறுவனம் வைத்துவிட்டுப் போகும் பெட்டி பெரும்பாலும் வாசலையொட்டிய அறையில், ஃபைபர் கேபிள் நுழையும் இடத்திலேயே இருக்கும். விளையாடும் அறை அங்கிருந்து இரண்டு சுவர் தள்ளியிருந்தால் அதை நம்ப வேண்டாம். வைஃபை 6 ரௌட்டர் ஒன்றைத் தனியாக வாங்கி, விளையாடும் அறையிலேயே, இடுப்புக்கு மேலான உயரத்தில், உங்களுக்கும் அதற்கும் நடுவே எதுவும் மறைக்காதபடி வையுங்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை மரத்தட்டியைக் கடந்துவிடும். பழைய ஓட்டு வீடுகளின் மரமச்சும் அதற்குப் பெரிய தடையல்ல. ஆனால் இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட் தளத்தில் அது மிகவும் தளர்ந்துபோகும். கீழ்த்தளத்தில் ரௌட்டரும் மாடியில் விளையாட்டுமாக இருப்பது, வீட்டில் வேறு இடமே இல்லாதவர்கள் மட்டும் முயலவேண்டிய ஏற்பாடு.

புதிய ரௌட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு (தனி வலையமைப்பு உருவாக்காமல் பழைய பெட்டியின் வலையமைப்பையே வைஃபையில் தரும் முறை) மாற்றி, பழைய பெட்டியோடு கேபிளால் இணையுங்கள். கணினியின் கேபிளை இந்தப் புதிய ரௌட்டரில் செருகுங்கள். ஹெட்செட்டையும் இதன் வைஃபையிலேயே சேருங்கள். ஒன்று பழைய பெட்டியிலும் மற்றது புதியதிலும் இருந்து, புதியது தனி வலையமைப்பாகவும் ஓடினால், ஹெட்செட்டுக்குக் கணினி கண்ணில் படாது.

அடுத்து, ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்து, அதில் ஹெட்செட்டை மட்டும் சேருங்கள். வீட்டிலுள்ள கைபேசிகளும் டிவியும் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். அலைவரிசை அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். சேனலைத் தானியங்கித் தேர்வுக்கு விடாமல் 36 முதல் 48 வரை அல்லது 149 முதல் 161 வரை உள்ள ஒன்றில் நிறுத்துங்கள். 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் அலை தென்பட்டால் ரௌட்டர் உடனே அங்கிருந்து விலகிப் போகவேண்டும் என்பது விதி, அப்போது விளையாட்டு நடுவில் அறுந்துபோகும். எல்லாம் சரியாக அமைந்தால் ஹெட்செட்டின் வைஃபை விவரத்தில் இணைப்பு வேகம் 1200க்கு அருகில் தெரியும். வைஃபை 5 ரௌட்டரில் இது 866.

நான்காம் படி: இணைப்பது

விண்டோஸில் இந்த வலையமைப்பை ‘பிரைவேட்’ என்று குறியுங்கள். கணினியில் ஸ்டீமைத் திறந்து, அமைப்புகளில் ரிமோட் பிளே (விளையாட்டை வேறு கருவிக்கு அனுப்பும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்செட்டின் கடையிலிருந்து ஸ்டீம் லிங்க் செயலியை இறக்குங்கள். குவெஸ்ட் ஹெட்செட்டுகளுக்கு 2023 இறுதியில் வெளியான இதுவும் இலவசம்தான். அதைத் திறந்தால் உங்கள் கணினியின் பெயர் தெரியும். அதைத் தேர்ந்ததும் ஹெட்செட்டில் தோன்றும் எண்ணைக் கணினியில் தட்டச்சிட்டால் இணைப்பு முடிந்தது. மெட்டாவின் ஏர் லிங்க், காசு கொடுத்து வாங்கவேண்டிய வர்ச்சுவல் டெஸ்க்டாப் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஸ்டீம் லிங்க்கையே நான் சொல்வேன், அதில் தொட்டுக் கெடுக்கக்கூடிய அமைப்புகள் குறைவு.

முதல் நாள் 72 ஹெர்ட்ஸிலேயே வைத்து, ஓரிடத்தில் நின்று விளையாடும் எளிய விளையாட்டு ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தலை சுற்றத் தொடங்கினால் உடனே கழற்றிவிடுங்கள். பொறுத்துக்கொண்டு விளையாடினால் குமட்டல் மணிக்கணக்கில் நீடிக்கலாம்.

படம் சரியாக வராதபோது

படம் கட்டம் கட்டமாகக் கலங்கினால், சுருக்கிய வீடியோவுக்கு ஒதுக்கிய அளவு போதவில்லை அல்லது அலை வலுவிழந்திருக்கிறது. ரௌட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே தெளிந்தால் குற்றம் ரௌட்டர் இருக்கும் இடத்தில்தான். படம் தெளிவாக இருந்து, தலையைத் திருப்பும்போது மட்டும் ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப்பார்த்தால் தாமதம் கூடியிருக்கிறது. வீடியோ அளவை நொடிக்கு 100 மெகாபிட்டாகக் குறைத்துப் பாருங்கள். விளையாட்டின் காட்சித் தரத்தைக் குறைத்ததும் சீரானால், வைஃபையில் பிழையில்லை, கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது. ஒரே இடைவெளியில், சில நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டினால், கணினியின் வைஃபை அணைக்கப்படாமல் பின்னணியில் வலை தேடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் போகும் நேரத்துக்காக ரௌட்டரை இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிடுங்கள். அறை விளக்கையும் அதிலேயே சேருங்கள், ஏனெனில் ஹெட்செட்டின் கேமராக்கள் அறையைப் பார்த்துத்தான் உங்கள் இடத்தைக் கணிக்கின்றன. இருட்டில் அவை வழிதவறும். மச்சு தாழ்ந்த அறையென்றால், தொடங்குமுன் கையை உயர்த்தி மின்விசிறிக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டினால் அதை அணைத்துவிட்டு மேசை விசிறியை வைத்துக்கொள்ளுங்கள். முடித்ததும் ஹெட்செட்டை ஜன்னல் திண்டில் வைக்காதீர்கள். லென்ஸ் வழியே மாலை வெயில் சில நிமிடம் விழுந்தாலும் உள்ளே திரையில் அழியாத கறை விழுந்துவிடும். துணி ஒன்றால் மூடி அலமாரிக்குள் வையுங்கள்.