டலோனிகா ஐந்து டாலர் காசு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

பழைய அமெரிக்கத் தங்கக் காசு ஒன்றை நம்மவர் கையில் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி, "எத்தனை கிராம், எத்தனை கேரட்?" இரண்டுக்கும் பதில் சுலபம். 1839 முதல் 1908 வரை அடித்த லிபர்ட்டி தலை (சுதந்திர தேவியின் தலை பொறித்த) ஐந்து டாலர் காசு 8.359 கிராம், 90 டச், அதாவது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தங்கம். நம் பவுனைவிட எடை கொஞ்சம் கூட, மாற்று கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆனால் 1882இல் ஃபிலடெல்ஃபியாவில் அடித்த ஐந்து டாலர் தங்கத்தின் விலைக்குச் சற்று மேலே கிடைத்துவிடும். அதே எடை, அதே மாற்றில் 1861இல் ஜார்ஜியா மாநிலத்தின் டலோனிகா நாணயச்சாலையில் அடித்தது பல பத்தாயிரம் டாலருக்குப் போகும். முதலாவது 25 லட்சத்துக்கு மேல் அடிக்கப்பட்டது. இரண்டாவது வெறும் 1,597.

எங்கள் குடும்பம் மதுரை தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருந்த குடும்பம். நான் இருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே. இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் மலையடிவாரத்தில் டலோனிகா. காசு சேர்க்கும் ஆசை வந்தபோது பக்கத்து ஊர்க் காசிலேயே ஆரம்பித்தேன், இன்றுவரை அதைத் தாண்டவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். ஒரு நாணயச்சாலை, ஒரு மதிப்பு என்று குறுக்கிக்கொண்டால்தான் கண் பழகும். ஒரு டாலர், இரண்டரை டாலர், மூன்று டாலர், ஐந்து, பத்து, இருபது என்று எல்லாவற்றிலும் கைவைத்தால் எதுவும் பிடிபடாது.

ஊரின் கதை கொஞ்சம் தெரிந்திருக்கணும். ஜார்ஜியாவின் இந்தப் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி 1829வாக்கில் பரவியது. மண் செரோக்கி மக்களுடையது. 1838இல் அவர்களைத் துப்பாக்கி முனையில் மேற்கே துரத்தினார்கள், அதே ஆண்டில் டலோனிகாவில் நாணயச்சாலை திறந்தது. 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் மூடிக்கொண்டது. கட்டடம் 1878இல் எரிந்துபோக, அதன் அஸ்திவாரத்தின் மேல் இன்று பல்கலைக்கழகக் கட்டடம் நிற்கிறது. ஊர் நடுவே பழைய நீதிமன்றத்தில் தங்க அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே அடித்த காசுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பணம் செலவழிக்கும் முன் அங்கே போய் நிதானமாக நின்று பாருங்கள்.

முதலில் முத்திரை எழுத்து. டலோனிகாவின் எழுத்து 'டி'. 1838, 1839 காசுகளில் அது முன்பக்கம் ஆண்டுக்கு மேலே இருக்கும், 1840 முதல் பின்பக்கம் கழுகுக்குக் கீழே. டென்வருக்கும் இதே 'டி'தான். டென்வர் 1906இல்தான் காசு அடிக்கத் தொடங்கியது என்றாலும், 1906, 1907 காசுகளை "டலோனிகா" என்று சொல்லி விற்கிறவர்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் தெரியாமலே. கழுகுக்கு மேலே நாடா போட்டு 'இன் காட் வி டிரஸ்ட்' என்று இருந்தால் அந்தக் காசு 1866இலோ அதற்குப் பிறகோ அடித்தது. டலோனிகா அதற்கு முன்பே மூடிவிட்டது. ஆண்டைப் படிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

இதைவிட மோசமான வேலை, சாதாரண ஃபிலடெல்ஃபியா காசில் 'டி' எழுத்தை ஒட்டுவது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் எழுத்தின் அடியைப் பாருங்கள். உண்மையான எழுத்து காசின் மேனியிலிருந்தே எழுந்து நிற்கும், ஒட்டியதைச் சுற்றி மெல்லிய கோடோ நிறமாற்றமோ தெரியும். டலோனிகாவில் ஓர் ஆண்டுக்குப் பயன்பட்ட அச்சுகள் சிலவே. அதனால் எந்த ஆண்டில் எழுத்து எந்த இடத்தில், எந்தச் சாய்வில் இருக்கும் என்பது சேகரிப்பாளர்களுக்குத் தெரிந்த விஷயம். ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றோடு ஒப்பிடுங்கள், கைக்காசு செலவில்லாத வேலை.

இப்போது தரம் பார்ப்பது. பட்டறைப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் மறந்தே ஆகவேண்டும்: உரைகல். விளிம்பில் ஒரு உரசல் போதும், காசின் சேகரிப்பு மதிப்பு அங்கேயே போயிற்று. எடை பார்ப்பது வேறு, தராசு கட்டாயம் வேண்டும். காசை விளிம்பில் மட்டும் பிடிக்கணும், கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளணும். தங்கம் மென்மையானது, மேசையில் விழுந்தால் விளிம்பு நசுங்கும்.

விளக்கு ஒன்றே ஒன்று, பழைய குண்டு பல்பு அல்லது ஹாலஜன். குழல் விளக்கு வெளிச்சத்தில் லஸ்டரும் (அச்சு அழுத்தியதில் வந்த மினுப்பு) தெரியாது, மயிரிழைக் கீறலும் தெரியாது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, காசை வெளிச்சத்துக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துத் திருப்புங்கள். அச்சிலிருந்து வந்த லஸ்டர் உயிரோடு இருந்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல ஒளிக்கீற்று காசைச் சுற்றி ஓடும். கீற்று எங்கே அறுகிறதோ அங்கே தேய்மானம் இருக்கிறது, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

தேய்மானம் முதலில் விழும் இடங்கள் இவை: முன்பக்கம் லிபர்ட்டியின் காதுக்கு மேலும் நெற்றிக்கு மேலும் உள்ள முடி, கிரீடத்தின் மேல்விளிம்பு, கழுத்தோரம் தொங்கும் சுருள். பின்பக்கம் இறக்கைகளின் மேல்முனை, கழுகின் கழுத்து, கால். பொதுவாக இவற்றைப் பார்த்தாலே போதும். டலோனிகா காசில்தான் ஒரு சிக்கல்: அங்கே அடி பல நேரம் பலமாக விழவில்லை. நேற்று அச்சிலிருந்து வந்த காசிலும் கழுகின் கழுத்து மொழுக்கென்று இருக்கும். புதியவர் அதைத் தேய்மானம் என்று நினைத்து நல்ல காசைத் தள்ளிவிடுவார், அல்லது தேய்ந்த காசை "அடி பலவீனம்" என்ற வியாபாரியின் பேச்சை நம்பி வாங்கிவிடுவார்.

இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. மழுங்கிய இடத்தை லென்ஸில் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழப்பாக, நிறம் சற்று மங்கி, பக்கத்துப் பரப்பிலிருந்து தனியாகத் தெரியும். அச்சு சரியாக அழுத்தாத இடத்தில் மினுப்பு அப்படியே இருக்கும், அடிப்பதற்கு முன் தகட்டில் இருந்த சிறு கீறல்கள்கூடச் சிலசமயம் தெரியும். அப்புறம் காசைத் திருப்பி, அதே இடத்துக்கு நேர் எதிரே பாருங்கள். அங்கேயும் மழுங்கியிருந்தால் அடியில்தான் குறை. ஒருபக்கத்தின் உயரமான இடங்கள் மட்டும் எல்லாம் ஒரே சீராகத் தட்டையாகியிருந்தால், அந்தக் காசு பல சட்டைப்பைகளைப் பார்த்திருக்கிறது.

எண்களைப் பற்றிச் சுருக்கமாக. 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய பெரிய செம்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தார், பிறகு எல்லாக் காசுக்கும் வந்துவிட்டது. விஎஃப்-20 (வெரி ஃபைன்) என்றால் காதோர முடி தட்டையாகியிருக்கும், லிபர்ட்டி என்ற எழுத்து முழுசாக இருக்கும். எக்ஸ்எஃப்-40இல் (எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்) உயரமான இடங்களில் மட்டும் தேய்மானம், எழுத்துகளின் இடுக்கில் லஸ்டர் ஒளிந்திருக்கும். ஏயூ-50இல் (கிட்டத்தட்டப் புழங்காதது) பாதியளவு லஸ்டர், ஏயூ-58இல் முனைகளில் ஒரு உரசல் மட்டும். எம்எஸ்-60க்கு (மின்ட் ஸ்டேட், புழங்காதது) மேலே போனால் புழக்கத் தேய்மானமே இல்லை, ஆனால் மூட்டையில் ஒன்றோடொன்று மோதிய தழும்புகள் இருக்கலாம். அழுத்தமான தழும்புகளோடு ஒரு எம்எஸ்-60, பளிச்சென்று ஒரு ஏயூ-58 என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால், நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன், பணமும் மிச்சம். டலோனிகா காசுகள் பெரும்பாலும் விஎஃப் முதல் ஏயூ வரைதான் கிடைக்கும், எம்எஸ் அபூர்வம்.

எண்ணைவிட எனக்கு முக்கியம் காசின் மேனி. கைபடாத பழைய தங்கம் பளபளக்காது. எழுத்துகளைச் சுற்றி லேசான அழுக்கும் பரப்பில் ஆழ்ந்த நிறமும் இருக்கும். டலோனிகா காசில் பலவற்றுக்கு மெல்லிய பச்சைச் சாயல் உண்டு, உள்ளூர்த் தங்கத்தோடு வந்த வெள்ளியால். தங்கம் போக மீதிப் பத்து பங்கில் பாதிக்கு மேல் வெள்ளி இருக்கக்கூடாது என்பது 1837 சட்டம், இருக்கவே கூடாது என்பதில்லை. இந்த நிறத்தோடு ஒரு விஎஃப்-35 கிடைத்தால் விடாதீர்கள். அதே ஆண்டின் எக்ஸ்எஃப் ஒன்று எலுமிச்சை மஞ்சளாக, எல்லா இடமும் ஒரே நிறத்தில் மின்னினால் யாரோ கழுவியிருக்கிறார்கள். நம் வீடுகளில் நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுத் துலக்குவோம் அல்லவா, அந்தக் கையைக் காசிடம் கொண்டுபோகவே கூடாது. துணியால் ஒருமுறை துடைத்தாலும் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் விழும், அவை போகவே போகாது. பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் தூய அசிட்டோனில் ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலரவிடலாம். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

பட்டறைக் கண் உதவும் இடமும் ஒன்று உண்டு. நூறாண்டுக்கு முன் இந்தக் காசுகளைச் சங்கிலியில் கோர்த்துப் போட்டுக்கொள்வது இங்கேயும் வழக்கம். வளையத்தைக் கழற்றிய பிறகு விளிம்பின் வரிகளில் பற்றவைத்த பொடியின் தடம் இருக்கும். பெரும்பாலும் பன்னிரண்டு மணி இடத்தில், வரிகள் நிரம்பி, நிறம் மாறி இருக்கும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மட்டும் படம் போட்டு விற்கிறவரிடம் விளிம்புப் படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள்.

முழுப் போலி வேறு கதை. 8.36ஐவிடக் கணிசமாகக் கூடுதல் எடை காட்டினாலும், தேய்ந்த காசுக்கும் நம்பமுடியாத அளவு குறைவாகக் காட்டினாலும் சந்தேகப்படணும். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடைபோட்டால் சுமார் அரை கிராம் குறையும், அதாவது ஒப்படர்த்தி 17.2 சுற்றி வரும். தங்கமுலாம் பூசிய செம்பு இதில் மாட்டும். ஆனால் 1960களிலும் 70களிலும் பெய்ரூட் பக்கத்திலிருந்து வந்த போலிகள் மாற்று சரியான தங்கத்தில் செய்தவை. அவற்றைத் தராசு காட்டிக்கொடுக்காது. எழுத்தின் ஓரங்கள் உருண்டு சோப்புப்போல் தெரிவது, விளிம்புப் பற்களிலிருந்து உள்ளே நீட்டும் மேடான கோடுகள், வெவ்வேறு காசுகளில் அதே இடத்தில் அதே சிறு குழி, இவைதான் அடையாளம்.

அதனால்தான் நான் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி உறையில் இல்லாத டலோனிகா காசைத் தொடுவதில்லை. 1986இலும் 1987இலும் தொடங்கிய இந்த இரண்டு நிறுவனங்களும் காசைச் சோதித்து, எண் கொடுத்து, பெட்டியில் மூடித் தருகின்றன. 'டீடெயில்ஸ்' என்று எழுதியிருந்தால் காசு உண்மை, ஆனால் கழுவியதோ பற்றவைத்ததோ உண்டு. உறையையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால் சான்றிதழ் எண்ணை அவர்களின் தளத்தில் போட்டு, அங்குள்ள படத்தோடு கையிலுள்ள காசின் தழும்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். 2007 முதல் சிஏசி என்ற நிறுவனம் நல்ல மேனியுள்ள காசின் உறையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுகிறது. அது இருந்தால் விலை கூடும், பெரும்பாலும் நியாயமாகவே.

நிபுணர் சொன்னது முடிவல்ல என்பதற்கு ஒரு உதாரணம் உண்டு. 1854இல் சான்பிரான்சிஸ்கோவில் ஐந்து டாலர் காசு 268 மட்டுமே அடித்தார்கள், அதில் மூன்றுதான் மிச்சம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2018இல் நான்காவதை என்ஜிசி உறுதிசெய்தது. அதற்கு முன் அதைப் பார்த்த வியாபாரிகள் போலி என்றே நினைத்திருந்தார்கள்.

வாங்கும் வரிசைக்கு என் யோசனை இது. முதலில் 1880களின் சாதாரண ஃபிலடெல்ஃபியா ஐந்து டாலர் ஒன்றை ஏயூ-58இல் வாங்கி, லஸ்டர் எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள். பிறகு காசுக் கண்காட்சிக்குப் போய் (ஜனவரியில் ஃபுளோரிடாவில் நடக்கும் ஃபன் ஷோ பெரியது) வாங்காமல் பாருங்கள். உறையின் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நீங்களே தரம் சொல்லி, பிறகு கையை எடுங்கள். அதற்கப்புறம் 1850களின் டலோனிகா விஎஃப் ஒன்று. அவசரம் வேண்டாம்.

வங்கி லாக்கரில் வையுங்கள். வீட்டுக் காப்பீடு காசுகளுக்கு மிகக் குறைந்த தொகைதான் தரும், தனிப் பாலிசி கேட்டு எடுக்கணும். அமெரிக்க வரிச் சட்டத்தில் இவை கலெக்டிபிள் வகை, ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றாலும் லாபத்தில் 28 சதவீதம் வரை வரி வரலாம். ரசீது இல்லாவிட்டால் அடக்கவிலையைக் காட்ட வழியில்லை. ரசீதையும் சான்றிதழ் எண்ணையும் காசோடு ஒரே பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள்.