பழைய மூங்கில் கூண்டு வாங்கி வீட்டில் மாட்டுவது எப்படி?

அலங்காரத்துக்குப் பறவைக் கூண்டு தேடுகிறீர்களா, இரும்புக் கூண்டை விட்டுவிடுங்கள். நம்ம சிங்கப்பூர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், பழைய பெயிண்டில் ஈயமும் இருக்கலாம். நான் மூங்கில் கட்சி.

வாங்குவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை அங் மோ கியோவில் கெபுன் பாரு பறவை மன்றத்துக்குப் போய் நல்ல கூண்டு எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள். மெர்போக் புறாவின் கூண்டு மேலே வளைந்திருக்கும், மாத்தா புத்தே என்ற சின்னப் பாட்டுப் பறவைக்குச் சின்னது போதும். பழைய பொருள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடிவிட்டது, இப்போது கேரொசல் விற்பனைத் தளம்தான். தந்தக் கொக்கி, தந்தக் கிண்ணம் என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்கு இங்கே தடை.

அடுத்தது பூச்சி. அழகைப் பார்த்து மயங்கிப் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கூண்டைக் கறுப்புக் காகிதத்தின் மேல் வைத்து அடி வளையத்தை விரலால் தட்டுங்கள். வண்டு அரித்திருந்தால் குண்டூசித் தலை அளவு துளைகளிலிருந்து அரிசி மாவு போலத் தூள் கொட்டும். பழைய தூளாகவும் இருக்கலாம், அதனால் துடைத்துவிட்டு இரண்டு நாள் அப்படியே வையுங்கள், மறுபடி சின்னக் குவியல் விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடுதான் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃபிரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள், ஒரு நாள் போகட்டும், இல்லாவிட்டால் மூங்கில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பூச்சி ஸ்பிரே எனக்குப் பிடிக்காது, துளைக்குள் இருக்கும் புழு வரை அது போய்ச் சேராது.

கூண்டு ஃபிரீசருக்குள் நுழையவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். சதுரக் கூண்டில் குச்சிகளுக்குப் பென்சிலால் எண் போட்டு மெதுவாக உருவிப் பிரித்து உள்ளே வைக்கலாம், ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். வளைந்த கூண்டில் முயலவே வேண்டாம், ஒடியும். ஃபிரீசரில் நுழையாத வளைந்த கூண்டில் தூள் விழுந்தால் நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது சுத்தம். பறவை எச்சத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம், கையுறை, தண்ணீர் தெளித்து ஊறியதும் பழைய டூத்பிரஷ். அப்புறம் நிழலில் ஃபேன் காற்று, வெயிலில் வைத்தால் மூங்கில் வெடிக்கும். பளபள வார்னிஷ் வேண்டாம், தேன்மெழுகு போதும்.

மாட்டுவது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், வீவக அடுக்குமாடித் தாழ்வாரம் எல்லாரும் நடக்கிற வழி. கூண்டுக்குள் மணி பிளான்ட் வைப்பவர்கள் தீனிக் கிண்ணத்தில் தண்ணீர் விடாமல் மண்ணில் வையுங்கள், கொசு வந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் (என்இஏ) போடும் அபராதம் கூண்டு விலையைத் தாண்டிவிடும்.