பழைய லென்ஸ் எந்த வெர்ஷன்னு கண்டுபிடிக்கறது எப்படி?

பழைய லென்ஸ்ல பேரும் அளவும் ஒண்ணாவே இருக்கும், உள்ள கண்ணாடி மட்டும் வேறயா இருக்கும். அதனால முன்பக்க வளையத்துல எழுதியிருக்கறத மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அந்த வளையத்தை கழட்டி வேற லென்ஸ்ல மாட்டிட முடியும்.

பென்டாக்ஸ் சூப்பர் டாக்குமார் 50 எம்எம் எஃப் 1.4 எடுத்துக்கோங்க. 1964-ல வந்தது 8 எலிமெண்ட் (அதாவது உள்ள 8 கண்ணாடித் துண்டு), அப்புறம் 7 எலிமெண்ட்டா மாத்திட்டாங்க, வளையத்துல எழுத்து அதேதான். இதுக்கு டெப்த் ஆஃப் ஃபீல்ட் ஸ்கேலை, அதாவது எவ்வளவு தூரம் வரைக்கும் ஃபோகஸ்ல தெளிவா விழும்னு லென்ஸ் மேல காட்டற நம்பர் வரிசையை, நேரா பாருங்க, இன்ஃப்ராரெட்டுக்குன்னு ஒரு சிவப்பு குறி இருக்கும், அது அந்த வரிசையில இருக்கற 4-க்கு வலது பக்கம் இருந்தா 8 எலிமெண்ட், இடது பக்கம்னா 7. பழையதுல பின்பக்க கண்ணாடியும் கொஞ்சம் வெளிய துருத்திட்டு இருக்கும். 7 எலிமெண்ட்ல தோரியம் கலந்த கண்ணாடி இருக்கறதால வருஷக்கணக்குல மஞ்சளாயிடும், ஆனா மஞ்சள் இல்லைங்கறதுக்காக 8 எலிமெண்ட்னு நம்பிடாதீங்க, யுவி வெளிச்சத்துல வெச்சா அந்த மஞ்சள் போயிடும், யாராச்சும் ஏற்கனவே அப்படி பண்ணியிருக்கலாம்.

நிக்கான்ல வேலை சுலபம். அப்பர்ச்சர் ரிங் (வெளிச்சம் உள்ள வர்ற வழியை கூட்டிக் குறைக்கற வளையம்) மேல முயல் காது மாதிரி இருக்கற உலோகத் துண்டு ஓட்டையில்லாம கெட்டியா இருந்தா பொதுவா நான்-ஏஐ. ஏஐ-ன்னா லென்ஸோட அதிகபட்ச அப்பர்ச்சரை கேமராவுக்கு தானா சொல்ற நிக்கானோட அமைப்பு, நான்-ஏஐ-ன்னா அது இல்லாத பழசு. காதுல ஓட்டை, அப்பர்ச்சர் நம்பர் ரெண்டு வரிசை இருந்தா 1977-க்கு அப்புறம் வந்த ஏஐ. அந்த ரெண்டு வரிசையிலயும் கடைசி நம்பர், அதாவது 16-ஓ 22-ஓ, ஆரஞ்சு கலர்ல இருந்தா ஏஐ-எஸ். ஆனா நான்-ஏஐ ரிங்கை வெட்டி ஏஐ ஆக்குனதும் நிறைய சுத்துது, அதுல வெட்டுன இடம் சொரசொரன்னு இருக்கான்னு பாருங்க. வெட்டாத நான்-ஏஐய பின்னாடி காலத்துல வந்த பல கேமரா பாடில அழுத்தி மாட்டுனா லென்ஸ் மாட்டற மவுண்ட் பக்கத்துல கேமராவுல இருக்கற குட்டி நாக்கு உடைஞ்சிடலாம், அதனால இத தெரிஞ்சுக்காம மாட்டவே மாட்டாதீங்க.

ரஷ்ய ஹீலியோஸ்ல சீரியல் நம்பரோட முதல் ரெண்டு இலக்கம் பெரும்பாலும் வருஷம், 79-ல ஆரம்பிச்சா 1979. ஹீலியோஸ் 44-2 மாடல்ல அப்பர்ச்சரை மூடித் திறக்கற பிளேடு 8, 44எம்-4 மாடல்லேர்ந்து 6 தான். வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு எஃப் 8 வெச்சு எண்ணுங்க, 44எம்-4 மாதிரி ஆட்டோ லென்ஸ்னா (படம் எடுக்கறப்போ மட்டும் கேமரா பிளேடை மூடற வகை) பின்னாடி இருக்கற பின்னை அழுத்துனாதான் பிளேடு மூடும். என்னைக் கேட்டா வளையத்தை விட பிளேடுதான் நம்பிக்கையான சாட்சி.

ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா முன்பக்க போட்டோ மட்டும் போதாது. ஸ்கேலை நேரா எடுத்தது, பின்பக்க கண்ணாடிய பக்கவாட்டுல எடுத்தது, பிளேடு பாதி மூடுனது, இந்த மூணு போட்டோவும் கேளுங்க, தரமாட்டேன்னா அந்த லென்ஸை விட்டுடுங்க.