அளவு நாடாவும் எண்ணெய் டின்னும்: உடற்கொழுப்பைக் குறைக்கும் முறை

எடை குறைவது வேறு, கொழுப்பு குறைவது வேறு. ஒரு வாரம் சோற்றையே தொடாமல் இருந்து மூன்று கிலோ குறைத்துவிட்டதாகச் சொல்பவர்கள் இழந்ததில் பெரும்பகுதி தண்ணீர்தான். தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து செலவாகும்போது, ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறுகிறது, மறுபடி சாப்பிடத் தொடங்கியதும் அது திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே எடைக் கருவியோடு தையற்காரரின் அளவு நாடா ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றளவை எடுத்துக் குறித்து வாருங்கள். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எச்சரிக்கை எல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும், இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்காமல் இங்கே சொல்லும் கொழுப்புக் குறைப்பு முறையைத் தொடங்கக் கூடாது.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால் பதினைந்து பதினாறு நாளில் ஒரு கிலோ குறையும் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் சற்று மெதுவாகவே குறையும். அந்த 500 கலோரியை எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. நான் முதலில் எண்ணெய் டின்னைத்தான் பார்க்கச் சொல்வேன். டின்னைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாள்தோறும் 40 மி.லி.க்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 340 கலோரி, தாளிப்பிலும் பொரியலிலும் அப்பளத்திலுமே போய்விடுகிறது. அதை 3 லிட்டராக்கினால் ஆளுக்கு மாதம் 4,000 கலோரி மிச்சம், அரைக் கிலோ கொழுப்புக்குச் சமம். அதற்காக யாரும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

அடுத்தது சோறு. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரியும் மூன்று கிராமுக்கும் குறைவான புரதமும் உள்ளன. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று முறை போட்டுக்கொள்ளும் வழக்கம் நம்முடையது. இதில் ஒரு முறையை விட்டுவிட்டு, ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துவிடலாம். அந்த இடத்தைக் காய்கறியும் புரதமும் நிரப்ப வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் காலத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 கிராம் புரதமாவது தேவை. 70 கிலோ உள்ளவருக்கு 84 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 8 முதல் 9 கிராம் என்று கணக்கிட்டுப் பார்த்தால், நாம் எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டு வந்திருக்கிறோம் என்பது விளங்கும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஓட்டல் சாம்பாரில் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சாப்பாட்டைக் குறைத்துவிட்டுத் தசைகளுக்கு வேலை கொடுக்காமல் விட்டால், கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், நாள் விட்டு நாள், வலுப்பயிற்சி செய்யுங்கள். பழைய உடற்பயிற்சிக் கூடங்களின் தண்டாலும் (புஷ்-அப்) பஸ்கியுமே (உட்கார்ந்து எழுதல்) தொடக்கத்துக்குப் போதும். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர்கள் முதலில் சுவரிலும் பிறகு உறுதியான மேசை விளிம்பிலும் கையூன்றி எடுக்கலாம். பஸ்கிக்கு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே முதற்படி. முதுகுக்கு, இடுப்பை மடக்கி முன்குனிந்து, முதுகு வளையாமல், 5 லிட்டர் தண்ணீர் கேனை வயிற்றை நோக்கி இழுக்கலாம். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். கடைசி இரண்டு தடவை சிரமமாக இல்லையென்றால் பளுவைக் கூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்று நம்ப வேண்டாம். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போகும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

நடைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரம் 150 முதல் 300 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம். அரை மணி நடைக்கு 70 கிலோ எடையுள்ளவர் செலவழிப்பது ஏறத்தாழ 150 கலோரிதான், திரும்பும் வழியில் சாப்பிடும் இரண்டு வடையும் ஒரு காபியும் அதைத் தாண்டிவிடும்.

உப்பும் மாதவிடாயும் தூக்கக் குறைவும் எடையை ஒன்றிரண்டு கிலோ ஏற்றி இறக்கும் என்பதால் அன்றாட எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். நாடாவில் மூன்று வாரம் தொடர்ந்து அசைவே இல்லையென்றால், பயிற்சியை மாற்றுவதற்கு முன், சமையலறைக்குப் போய் டின்னில் எழுதிய தேதியைப் பாருங்கள்.