முதல் கட்டை மூலை: அமைப்பதும் பேசாமல் இருப்பதும்

மழலையர் வகுப்பில் விளையாட்டு வழிக் கற்றலைத் தொடங்க நினைப்பவர்கள், எல்லா விளையாட்டு மூலைகளையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். கட்டைகளை அடுக்கி விளையாடும் கட்டை மூலை ஒன்று போதும்.

முதலில் இடம். ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகப் பாருங்கள். யாருடைய கால் பட்டாவது கோபுரம் சரிந்தால் அன்றைக்கு அழுகைதான். கீழே மெல்லிய விரிப்பு போதும், மெத்தென்று இருந்தால் கட்டை நிற்காது.

அடுத்து கட்டைகள். என் ஓட்டு வர்ணம் பூசாத மரக்கட்டைக்கே. மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள் எப்படி வைத்தாலும் நின்றுவிடும், சமநிலையைப் பற்றி யோசிக்க வேலையே இருக்காது. அமெரிக்கக் கல்வியாளர் கரோலின் பிராட் வடிவமைத்த 'யூனிட் பிளாக்' வகை கிடைத்தால் விடாதீர்கள். அதில் கனம், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 விகிதத்தில் இருக்கும். நீளக் கட்டை தீர்ந்துபோனால் குழந்தை அதில் பாதி நீளமுள்ள இரண்டைத் தேடி எடுத்து ஈடுகட்டும். பின்னக் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது, பெயர்தான் தெரியாது.

கூடையில் கொட்டி வைக்காதீர்கள். திறந்த தட்டில் அடுக்கி, ஒவ்வொரு வடிவத்தின் நிழலுருவையும் வெட்டி ஒட்டிவிடுங்கள். எடுத்து வைக்கும் வேலையே வகைப்படுத்தும் பயிற்சியாகிவிடும்.

சரி, இனிதான் பலரும் சறுக்கும் இடம். குழந்தை கட்டிக்கொண்டிருக்கும்போது நாம் என்ன பேசுவது? "இது என்ன வடிவம்? எத்தனை இருக்கு?" என்று கேட்டால் விளையாட்டு அங்கேயே வாய்மொழித் தேர்வாகிவிடும். ஒரு குழந்தை பாலம் கட்டுகிறது என்று வையுங்கள். தூண் இரண்டு, மேலே பலகை. பலகை எட்டவில்லை. திருப்பி வைக்கும், மறுபடி விழும். நமக்குக் கை துறுதுறுக்கும். பொறுங்கள். சற்று நேரத்தில் ஒரு தூணை உள்ளே தள்ளும். அப்போது, "தூணைக் கிட்ட நகர்த்தின, பலகை எட்டிடுச்சு" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். 'சூப்பர்' வேண்டாம். அதைச் சொன்னதும் பாலத்தை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி: "பெரிய வண்டி போகணும்னா என்ன செய்யலாம்?"

நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கால் மணி நேரம் கொடுத்தால் கட்டைகளை இறக்கி வைப்பதற்குள் மணி அடித்துவிடும். முக்கால் மணி நேரமாவது விடுங்கள். முடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதியில் நிற்கும் கட்டடத்தை மறுநாள் வரை அப்படியே வைக்க முடியுமானால் இன்னும் நல்லது.

பின்சேர்க்கை: "பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சேர்ந்து விளையாடவில்லையே" என்று சிலர் கேட்டிருந்தார்கள். குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை இணை விளையாட்டு (parallel play) என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறார். குறை ஒன்றும் இல்லை, "சேர்ந்து விளையாடு" என்று வற்புறுத்த வேண்டாம். எந்நேரமும் அடுத்தவர் கட்டியதை இடிக்கும் குழந்தைக்கு மட்டும், தானே கட்டித் தானே இடிக்க ஒரு தனி விரிப்பு போட்டுக் கொடுங்கள்.