வசந்தகாலப் பனியில் புதியவர்கள் விடாமல் செய்யும் தவறுகள்

மார்ச் கடைசியில் மணாலி, சோலாங் பக்கம் பனியேறக் கிளம்பும் புதியவர்களைக் கவனித்தால், போன வருடம் நடந்த தவறுகள் அப்படியே திரும்ப நடக்கும். கையுறையை மறப்பது, தண்ணீர் போதாமல் போவது எல்லாம் இங்கே வேண்டாம். உயிரைக் குடிப்பவற்றை, முக்கியமாகப் பனிச்சரிவில் சிக்கவைப்பவற்றை, மட்டும் பார்ப்போம்.

திரும்பும் நேரத்தைக் கணக்கில் எடுக்காதது

"காலையில பாறை மாதிரி கெட்டியா இருந்துச்சே!" பனி சரிந்த பிறகு அவர்கள் சொல்லும் இந்த வார்த்தையைக் கேட்கும்போது வரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. காலையில் கெட்டியாக இருந்ததுதான் ஏமாற்றுவதே.

மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும். பகலில் உருகிய நீர் உறைந்து பனிமணிகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும். வெயில் பட்டதும் அந்த ஒட்டு விட்டுப்போகும். நீர் கீழே இறங்கி, உள்ளே இருக்கும் பனிக்கட்டி அடுக்கின் மேலோ தரையின் மேலோ தேங்கும். அதற்கு மேலுள்ள ஈரப்பனி முழுவதும் பிடிமானம் இல்லாமல் நிற்கும். ஆறு மணிக்கு நடந்து ஏறிய அதே சாய்வு பதினோரு மணிக்குக் கழன்று வருவது இப்படித்தான். கிழக்குப் பார்த்த சாய்வு முதலில் இளகும், அடுத்து தெற்கு, பிற்பகலில் மேற்கு.

புதியவர்கள் நாலு மணிக்கே சரியாகக் கிளம்பிவிடுகிறார்கள். ஒன்பதரைக்கு உச்சி, டீ, படம், இன்னொரு படம். இறங்கத் தொடங்கும்போது மணி பதினொன்று. அவர்கள் போட்ட திட்டம் உச்சியோடு முடிந்துவிடுகிறது. பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 30 பாகைக்கு மேல் செங்குத்தான கடைசிச் சாய்வை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். ஏப்ரலில் பத்து மணி. கிழக்குச் சாய்வென்றால் எட்டரை. அதிலிருந்து இறங்கும் நேரத்தைக் கழித்தால் வருவது திரும்பும் நேரம். அந்த மணி ஆனதும் உச்சிக்கு இருபது நிமிடம் பாக்கி என்றாலும் திரும்புங்கள்.

இதைவிட மோசம், உறையாத இரவுக்குப் பின் ஏறுவது. மேகம் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் பனியின் சூடு வெளியே போகாது. போனில் பார்க்கும் குறைந்தபட்ச வெப்பநிலை காற்றுக்கானது. தெளிந்த இரவில் காற்று 1, 2 டிகிரி இருந்தாலும் பனி உறையலாம். மேகமூட்டத்தில் 0 டிகிரியிலும் சரியாக உறையாது. இரவில் எழுந்து பாருங்கள், நட்சத்திரம் தெரியாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

விடிகாலையில் சாய்வின் அடியில் பூட்ஸை ஊன்றி முழு எடையையும் போடுங்கள். கணுக்கால்வரை புதைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். புதையாவிட்டாலும் தடியால் குத்துங்கள். மேலே இரண்டு விரற்கடை ஓடு, உள்ளே பொதபொதவென்று இருந்தால் அந்த ஓட்டை நம்பாதீர்கள். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கையுறை வழியே நீர் சொட்டினால் உறைவு உள்ளே போகவில்லை.

பாறைக்கும் மரத்துக்கும் அடியிலிருந்து சின்னச் சின்னப் பனி உருண்டைகள் சக்கரம்போல் உருண்டு வரும். கோலிக்குண்டு அளவில் தொடங்கி முஷ்டி அளவுக்கு வளர்ந்தால், அங்கிருந்து வெளியேற வேண்டிய நேரம் கடந்துகொண்டிருக்கிறது.

கீழே நின்றால் ஆபத்தில்லை என்று நினைப்பது

பனிச்சரிவில் சிக்க நீங்கள் மேலே ஏற வேண்டியதில்லை. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் சாலையில் நண்பகலில் விழுந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். இமாச்சல் பாதைகள் குறுக்கே வெட்டும் நாலாக்கள் (ஓடைப் பள்ளங்கள்) பலவும் பனிச்சரிவு இறங்கும் வாய்க்கால்கள். அங்கே ஒவ்வொருவராகக் கடந்து போங்கள். நடுவில் நின்று ஷூ லேஸ் கட்டக்கூடாது.

புதுப்பனி விழுந்த மறுநாளே ஏறுவது

முதல் வெயில் அடித்து முடியட்டும். அதன் பிறகு குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

முகட்டின் விளிம்பில் நிற்பது

காலடியில் பாறை இருப்பதாகத் தோன்றும். காற்று கட்டிய, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெறும் பனித்திண்ணை அது.

எச்சரிக்கை நிலை ஐந்தில் 2 என்றால் பாதுகாப்பு என்று படிப்பது

சண்டிகரிலுள்ள டிஜிஆர்இ (பனிச்சரிவை ஆராயும் பாதுகாப்புத் துறை நிறுவனம்) வெளியிடும் பனிச்சரிவு அறிவிப்பு ஒரு பெரிய பகுதிக்கானது. நீங்கள் நிற்கும் சாய்வைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

பீக்கனைப் பைக்குள் வைப்பது

பீக்கன் என்பது பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி. பை பிய்த்துக்கொண்டு போனால் பீக்கனும் போகும். ஜாக்கெட்டுக்கு அடியில், உடம்போடு பட்டை கட்டி மாட்டுங்கள். பீக்கன் சிக்னல் அனுப்பும்போது போன் 20 செ.மீ. தள்ளி, தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்கட்டும். கிளம்பும் முன் ஒவ்வொருவரின் பீக்கனும் சிக்னல் அனுப்புகிறதா, பெறுகிறதா என்று சோதியுங்கள். ஆளுக்கொரு ப்ரோப் (புதைந்தவர் எங்கே என்று பனியில் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஆளுக்கொரு அலுமினிய ஷவல். சரிந்து நின்ற ஈரப்பனி சிமென்ட் மாதிரி இறுகுவதால் பிளாஸ்டிக் ஷவல் உடைந்துவிடும். ப்ரோப் ஆளைத் தொட்டதும் உருவாமல் அங்கேயே விட்டுவிட்டு, புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் சாய்வில் கீழே தள்ளி நின்று, ஆளை நோக்கி உள்முகமாகத் தோண்டுங்கள். நேர் மேலிருந்து தோண்டினால் உங்கள் எடை அவர் மூச்சுவிட மிச்சமிருக்கும் இடத்தையும் நசுக்கிவிடும்.